வயலை மனையாக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பாளையங்கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என்று இருபோகம் விளைந்த, எங்கள் தெருவை ஒட்டிய நன்செய் வயலில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். வீடே கட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மேட்டுத் தரிசில் கட்டட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு நெல்லையே தத்தளித்ததே, அன்று எங்கள் தெருத் தண்ணீர் வடிந்தது இந்த வயல் வழியாகத்தான். லாரி லாரியாகச் சரள் கொட்டி அதை மேடாக்கினால், அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள்தானே வரும்? அப்புறம் வாய்க்காலையும் தூர்த்துவிட்டால், கீழ்மடை விவசாயிகள் எதை நம்பி நாற்றுப் பாவுவார்கள்? மனைப்பிரிவுக்கு அனுமதி தருவதற்கு முன், மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து, மழைநீர் போகும் பாதையைப் பார்க்க வேண்டும்.

– வாசகர், மேலப்பாளையம்