புரட்டாசி முடிவதற்குள் தளம் போட வேண்டும்: கட்டடக் கமிட்டியின் நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சுடலைமாடன் அருளால் சுவர் எழும்பி, சென்டரிங் அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. பலகைக்கு வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறது. ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் தளம் போட 2,60,000 ரூபாய் வேண்டும். கமிட்டியின் கையில் இப்போது ஒன்றும் இல்லை.

இது எதற்கான கட்டடம் என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். கல்யாண மண்டபம் அல்ல. மனசு உடைந்து போனவர்கள் வந்து உட்கார்ந்து பேச, கதவு சாத்திக்கொள்ளக்கூடிய இரண்டு அறைகளும் ஒரு ஹாலும். நடத்தப் போகிறவர்கள் நம் ஊர் முன்னாள் ராணுவத்தினரும் பழைய கபடி ஆட்டக்காரர்களும். அவர்களில் பலர் அந்த இருட்டுக்குள் இருந்துவிட்டு வந்தவர்கள்.

ஒருவரைப் பற்றி அவர் சம்மதத்தோடு எழுதுகிறோம். 1999-இல் கார்கிலில் இருந்தவர். பென்ஷனில் வந்தபின் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில், நடுராத்திரிச் சாமக்கொடைக்கு வேட்டுப் போட்டதும், பக்கத்தில் நின்ற பேத்தியைத் தரையில் தள்ளி அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பிள்ளைக்கு முழங்கை சிராய்ந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. குடித்திருக்கிறார் என்றார்கள், கோட்டி பிடித்துவிட்டது என்றார்கள். அப்புறம் அவர் உண்மையிலேயே குடிக்கத் தொடங்கினார். கயிறு கட்டியும் பார்த்தார்கள், விபூதி போட்டும் பார்த்தார்கள்.

அவரை பஸ் ஏற்றி பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் இன்னொரு முன்னாள் சிப்பாய். 1987-இல் அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். அங்கே கேட்ட அழுகையெல்லாம் தமிழில் இருந்ததால் ஊர் திரும்பியும் உறங்க முடியாமல் தவித்து, பல வருஷம் கழித்து மருத்துவம் பார்த்துக்கொண்டவர். ‘நான் போன இடத்துக்குத்தான் ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன்’ என்று அவர் சொன்ன ஒரே காரணத்தால்தான் இவர் பஸ் ஏறினார்.

இப்போது கார்கில்காரர் தன் பங்குக்கு ஒரு பையனைக் கரையேற்றியிருக்கிறார். நல்ல கபடி ரைடர். போலீஸ் செலக்‌ஷனுக்கு முன்னால் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவன் பெற்ற தாயிடம்கூடப் பேசவில்லை. இவர் தினமும் சாயங்காலம் போய் அவர்கள் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்துவிட்டு வருவார். புத்தி சொல்லவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. ஒருநாள் அவனே கதவைத் திறந்து, ‘தாத்தா, காப்பி குடிக்கியளா?’ என்றான். இன்று நம் சின்னப் பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுப்பது அவன்தான்.

கொடைக்கு வேட்டுப் போடும் முன் இப்போது மைக்கில் சொல்லிவிட்டே போடுகிறோம். அந்த அளவுக்கு நம் ஊர் மாறியிருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்கிறோம்.

பெருமைக்கு நம் சீமையில் குறைவே இல்லை. நெற்கட்டான்செவல் பூலித்தேவனும் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனும் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற மண். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துப்போட்ட கோட்டையைத் திரும்ப எழுப்பினான். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஆள் கொடுக்காத தெரு நம் ஊரில் உண்டா? கபடி என்று எடுத்தால் மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி அர்ஜுனா விருது வாங்கியவர். ஹாக்கிக்குக் கோவில்பட்டி இருக்கிறது. இத்தனை வீரம் பேசும் நாம், அந்த வீரன் வீட்டில் தனியாக உட்கார்ந்து அழும்போது திரும்பிப் பார்த்தோமா? பெரியவர்கள் கோபப்படக் கூடாது, நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும்.

தைரியம் இல்லாதவனுக்குத்தான் இந்த மனசு நோய் வரும் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். 2008 பெய்ஜிங்கில் இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த அபினவ் பிந்த்ரா, ஜெயித்தபிறகுதான் தன் மனசு வெறுமையாகிப் போனது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 28 ஒலிம்பிக் பதக்கம் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2012-க்குப் பிறகு உயிரோடு இருக்கவே விருப்பமில்லாமல் அறைக்குள் கிடந்தார். 2014-இல் சிகிச்சைக்குப் போனார். இப்போது மற்றவர்களுக்காகப் பேசிவருகிறார். 1994-இல் ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய கனடா ஜெனரல் ரோமியோ டலேரும் இதே நோயோடு போராடி எழுந்து, படைவீரர்களுக்காகக் குரல் கொடுத்தவர். ஒரு ஜெனரலுக்கே வரும் என்றால் நம் ஹவில்தாருக்கு வருவதில் என்ன வெட்கம்?

சாமி கும்பிடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். சாமியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். நாங்கள் மருந்து கொடுக்கப் போவதில்லை. கேட்போம், கூட இருப்போம், டாக்டரிடம் கூட்டிப் போவோம். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது இந்தப் பேச்செல்லாம் புளியமரத்தடியில் நடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பழைய படிப்பகம் இடிந்தபின் வேறு இடமில்லை. போன மாதம் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டாள்.

கணக்கு இது. மொத்த மதிப்பு 18,60,000 ரூபாய். வசூலான 11,25,000 அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் செலவாகிவிட்டது. இனி வேண்டியது 7,35,000. இதில் தளத்துக்கு மட்டும் கம்பிக் கடன் 85,000, சிமென்ட், ஜல்லி, எம்-சாண்டுக்கு 95,000, சென்டரிங், கூலிக்கு 80,000. பூச்சு, தரை, கரண்டு, கக்கூஸ் வேலைக்கு 3,40,000. கபடி மேட் 1,35,000. மேட்டை ஹாலில் அடுக்கி வைத்து, ஆடும்போது மைதானத்தில் விரித்துக்கொள்ளலாம். அது பொறுக்கும், தளம் பொறுக்காது.

கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். ஐந்து சென்ட் நிலத்தை ஒரு பைசா வாங்காமல் எழுதிக் கொடுத்த குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். மகனைப் பறிகொடுத்த வீடு அது, வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. தாராவியிலிருந்து சீட்டுப் பணத்தை அப்படியே அனுப்பிய நம் ஊர்க்காரர்களுக்கும், துபாயில் ஒரே அறையில் தங்கி மாதாமாதம் பணம் அனுப்பும் தம்பிகளுக்கும் நன்றி. கேட்காமலே வந்து கொடுத்த பக்கத்து ஊர் ஜமாத்தாருக்கும், ஞாயிறு காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கிய சபையாருக்கும், கடனுக்குக் கம்பி தந்துவிட்டு இன்றுவரை போன் பண்ணாத கடைக்கார அண்ணாச்சிக்கும் நன்றி. பீடி சுற்றும் தாய்மார்கள் வாரக்கூலியிலிருந்து பத்தும் இருபதுமாக எடுத்துவைத்து 41,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில்லறையாக இருந்தது, எண்ணி முடிக்க இருட்டிவிட்டது. எண்ணிய எங்களுக்குக் கண் கலங்கியது.

அதனால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைக்கட்டுக்கு 2,000 என்று ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கித்தான் முடிவு செய்தோம். இன்னும் 64 தலைக்கட்டு பாக்கி. அது மட்டும் 1,28,000. தளத்தில் ஏறக்குறையப் பாதி நம் ஊருக்குள்ளேயே நிற்கிறது. முடியாதவர்களை, விதவைகளை யாரும் கேட்கவில்லை. கொடைக் கச்சேரிக்கு மேடையேறி மாலை வாங்கிக்கொண்டு கொடுத்தவர்கள் இதற்கும் மனசு வைக்க வேண்டும். பெயரைப் போர்டில் எழுத மாட்டோம், வீட்டு வாசலுக்கு வந்து நிற்கவும் மாட்டோம். சாமிக்குத் தெரியும்.

பணத்தைச் செயலாளரிடமோ பொருளாளரிடமோ கொடுத்து உடனே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் கமிட்டியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். கணக்கு விவரம் கோயில் போர்டில் இருக்கிறது, ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

புரட்டாசி கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு மிக்ஸர் மிஷின் வந்துவிடும். சட்டி சுமக்க ஆள் வேண்டும், கபடிப் பையன்கள் எல்லோரும் வருகிறார்கள். மதியச் சாப்பாடு கோயிலில். மண்வெட்டி இருப்பவர்கள் கையோடு கொண்டுவரவும்.

இப்படிக்கு,
கட்டடக் கமிட்டியார்
சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்