தாரிலும் சரளையிலும் ஓட்டிப் பார்த்த வண்டி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்; அவளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல். இங்கே அனைவரும் நலம். எனக்குத்தான் இடது முழங்கால் படியேறும்போதெல்லாம் முணுமுணுக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே!

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தார்ச்சாலைக்கும் சரளைச் சாலைக்கும் சேர்த்து விற்கிறார்களே, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள் நம் வயதுக்காரர்களுக்குச் சரிப்படுமா என்று எழுதியிருந்தாய். என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி அப்படி ஒன்று வைத்திருக்கிறார். விடுமுறைக்கு எடுத்துப்போங்கள் என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். கம்பெனிப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீ உடனே கட்சி கட்டிக்கொண்டு, வண்டியை மறந்துவிட்டுக் கம்பெனியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவாய். தவிர, இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குடும்ப ஜாடைதான். 200 முதல் 250 சிசி வரை ஒற்றை சிலிண்டர், முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18, ஸ்போக் கம்பிகள், அகலமான ஹேண்டில்பார், ஏறி உட்காரும்போதே யோசிக்க வைக்கும் சீட். நான் ஓட்டியது 200 சிசி. பத்தொன்பது குதிரைத்திறன், எடை 160 கிலோவை ஒட்டி, சீட் உயரம் 825 மில்லிமீட்டர்.

நம் இளமையில் இப்படி ஒரு வண்டிக்காக ஏங்கியது உனக்கு நினைவிருக்கும். கடையில் வாங்கி, லைட்டும் ஹார்னுமாகத் தாரில் ஓட்டிக்கொண்டே போய், அப்படியே மண்ணில் இறங்கலாம் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது 1968இல் யமஹா கொண்டுவந்த டிடி-1. அதற்கு முன் அமெரிக்காவில் பலரும் கனமான பிரிட்டிஷ் வண்டிகளின் சைலன்சரைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். டிடி-1 இரு ஸ்ட்ரோக். 1972இல் ஹோண்டா எக்ஸ்எல்250 நான்கு ஸ்ட்ரோக்கில், நான்கு வால்வோடு வந்தது. இன்றைய சின்ன வண்டிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஐம்பது ஆண்டுகளில் கணினியும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் வந்து சேர்ந்தனவே தவிர, அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு திருப்தி.

முதலில் தாரைச் சொல்லிவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரை வண்டி சுகமாகப் போகிறது. நிமிர்ந்து உட்காரும் அமைப்பு என்பதால் முதுகுக்கு இதம். போக்குவரத்துக்கு மேலே தலை நிற்பதால் நாலு வண்டி தாண்டி என்ன நடக்கிறது என்று தெரிகிறது. எண்பதைத் தாண்டினால் ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வு ஏறுகிறது. தொண்ணூற்றைந்தில் என்ஜின் கெஞ்சுகிறது. இதில் என்ஜினைக் குறை சொல்ல முடியாது. காற்றைப் பிளக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். எண்பதில் செலவாவதைப் போல் நூறில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நம் மார்பு ஒரு கதவு. பத்தொன்பது குதிரைகள் அந்தக் கதவை எவ்வளவுதான் தள்ளும்?

முன் பிரேக்கை அழுத்தியதும் வண்டி மூக்கைத் தாழ்த்துவது உனக்குப் புதிதாக இருக்கும். முன் ஷாக் அப்சார்பர் 190 மில்லிமீட்டர் வரை இறங்கும். சாதாரணச் சாலை வண்டிகளில் இது 120, 130தான். பிரேக் பழுதோ என்று பயப்படாதே. இறங்க இடம் இருக்கிறது, இறங்குகிறது. வளைவில் பெரிய முன்சக்கரம் திரும்பக் கொஞ்சம் அவகாசம் கேட்கும், ஆனால் திரும்பிய பிறகு அசையாது. எதிரே லாரி கடந்தால் மட்டும் வண்டி ஒரு சாண் ஒதுங்கும். உன் கனமான வண்டியில் இதை நீ உணர்ந்தே இருக்கமாட்டாய்.

சரளைதான் விஷயம்.

தார் முடியும் இடத்தை நீ ஓட்டும்போது கவனி. சரளைச் சாலை தொடங்குவதற்குச் சில மீட்டர் முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது. மற்ற வண்டிகளின் சக்கரங்கள் இழுத்து வந்து கொட்டிய சின்னக் கற்கள் தாரின் மேல் ஒரு படலமாகக் கிடக்கும். சரளையிலாவது கல் மண்ணில் கொஞ்சம் பதிந்திருக்கும். இங்கே அடியில் கெட்டியான தரை, மேலே உருளும் கல். டயருக்குப் பிடிக்க எதுவுமே இல்லை. அந்த இடம் பெரும்பாலும் ஒரு திருப்பத்தில் வேறு இருந்து தொலைக்கும். நான் அந்த இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை நேராக நிமிர்த்தி, பிரேக்கை விட்டுவிட்டுத்தான் கடந்தேன். அடுத்த நொடி என்ஜினுக்கு அடியில் உள்ள தகட்டில் கற்கள் படபடவென்று அடிக்கத் தொடங்கின. ஹேண்டில்பார் கையில் லேசாக நெளிந்தது.

அந்த நெளிவைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். தாரில் ஓட்டிப் பழகிய கை, ஹேண்டில்பார் அசைந்ததும் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் முன்சக்கரத்தின் ஒவ்வொரு உதறலும் தோள் வழியாக வண்டிக்கே திரும்பிப் போய் அசைவைப் பெரிதாக்கும். முன்சக்கரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்படிதான் அதைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு அமைக்கப்பட்டிருக்கிறது. 21 அங்குலச் சக்கரம் கல்லின் மீது படும் கோணம் குறைவு, ஆகவே முட்டி நிற்காமல் ஏறி இறங்கிவிடும். நீ செய்ய வேண்டியது அதன் வேலையில் குறுக்கிடாமல் இருப்பதுதான். எழுந்து நின்று முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டேன், விரல்களைத் தளர்த்தினேன், பார்வையைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் தூரத்தில் வைத்தேன். வண்டி தானாகவே நேர்கொண்டுவிட்டது. நின்று ஓட்டும்போது எடை முழுவதும் ஃபுட்ரெஸ்டில் இறங்குகிறது, வண்டி நமக்குக் கீழே தாராளமாக ஆடிக்கொள்கிறது. முழங்காலும் ஷாக் அப்சார்பராகிவிடும். என் இடது முழங்கால் இதற்கு முணுமுணுக்கவில்லை என்பதை டாக்டரிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பிறகு வந்தது அலை அலையான பகுதி. காய்ந்த சரளைச் சாலையில் குறுக்கே வரிவரியாகப் பள்ளமும் மேடும் உருவாகுமே, அது. வண்டிகளின் ஸ்பிரிங் துள்ளுவதால்தான் அப்படி ஆகிறது என்று நாம் எப்போதும் பேசிக்கொள்வோம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்பிரிங்கே இல்லாத சக்கரத்தை மணல் மீது உருட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அதுவும் அலைகளை உண்டாக்கியது. ஸ்பிரிங் மேல் நாம் சுமத்திய பழி ஓரளவு அநியாயம்தான். முப்பதில் போனால் இந்த அலைகள் பல்லை ஆட்டுகின்றன. ஐம்பதைத் தாண்டினால் சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், அதிர்ச்சி குறைந்துவிடும். ஆனால் தரையோடு தொடர்பும் பாதியாகிவிடும். அந்த வேகத்தில் திடீரென்று நிற்கவோ திரும்பவோ நேர்ந்தால் கையில் ஒன்றும் இருக்காது. பார்வைக்கு எட்டும் தூரம் வெறுமையாக இருந்த இடத்தில் மட்டும் வேகமாகப் போனேன். மற்ற இடங்களில் பல் ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

டயரில் காற்று தாருக்கு ஏற்றபடி 26 பிஎஸ்ஐ இருந்தது. பாதி வழியில் நிறுத்தி 20க்கு இறக்கினேன். நம்பமாட்டாய், வேறு வண்டியில் ஏறியதுபோல் இருந்தது. கல்லின் மேல் துள்ளிக்கொண்டிருந்த டயர் கல்லைச் சுற்றிப் படியத் தொடங்கியது. ட்யூப் டயர் என்பதால் இதற்கும் கீழே போக எனக்குத் துணிவில்லை. கூர்மையான கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும், அல்லது ட்யூப் நகர்ந்து வால்வை அறுத்துவிடும். தாருக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடித்துக்கொள்ள வேண்டும். கையடக்கப் பம்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதே. ஷோரூமிலிருந்து எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்து, சரளையில் ஒரேயடியாக உதறுகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் காற்றழுத்தத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்து பிரேக். சரளையில் கிடைக்கும் பிடிப்பு உலர்ந்த தாரில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான், ஆகவே நிற்கும் தூரம் இரட்டிக்கும். இதில் ஏபிஎஸ் ஒரு விசித்திரம் செய்கிறது. தளர்ந்த கல்லில் சக்கரம் பூட்டிக்கொண்டால் தனக்கு முன்னால் கற்களைக் குவித்து, அந்தக் குவியலே தடுப்பாகி வண்டி சீக்கிரம் நிற்கும். ஏபிஎஸ் பூட்டவே விடாது. சக்கரம் உருண்டுகொண்டே போகும். இறக்கமான ஓரிடத்தில் பின் பிரேக்கை மிதித்தபோது, பெடல் காலுக்கடியில் டுக் டுக் என்று துடித்ததே தவிர வண்டி நிற்க அவசரப்படவில்லை. பின்சக்கர ஏபிஎஸ்ஸை நிறுத்தும் பொத்தான் இருந்தது. அதை அழுத்தியபின் பின்சக்கரம் சறுக்கிக்கொண்டே ஒழுங்காக வேகத்தைக் குறைத்தது. முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ் இருக்கட்டும். முன்சக்கரம் பூட்டினால் நம்மைக் கீழே போட்டுவிட்டுத்தான் மறுவேலை. நீ எந்த வண்டியைப் பார்த்தாலும் பின்பக்கத்துக்கு மட்டும் தனியாக நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேள். தாருக்கு வந்ததும் மறுபடி இயக்க மறக்காதே.

இத்தனையும் ஓட்டிப் பார்த்தபின் என் கருத்து இதுதான்: வண்டியை எடுத்து ஓட்டிப் பார்க்கும்போது, பின்னால் மாற்ற முடியாதவற்றை மட்டும் பார். டயர் பிடிக்கவில்லையா, மாற்றலாம். சீட் மரக்கட்டையாக இருந்தால் பஞ்சு வைத்துத் தைக்கலாம். மேட்டில் இழுவை போதாதென்றால் செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் உள்ள ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் போதும், பின்னால் மூன்று பல் கூட்டியதற்கு அது ஏறக்குறையச் சமம். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தலாம். எடையையும் உயரத்தையும் என்ஜினின் குணத்தையும் மாற்ற முடியாது. இந்த மூன்றையும் சரளையில், அதுவும் மெதுவாகப் போகும்போதுதான் எடைபோட முடியும்.

எடைக்கு ஒரு சோதனை: சரளையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டே ஒரு வட்டம் திரும்பு. முடிந்தால் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு வண்டியை மெல்லத் தரையில் படுக்கவைத்து, நீ தனியாகத் தூக்கிப் பார். 160 கிலோவை நான் தூக்கினேன், மூச்சு வாங்கியது, ஆனால் தூக்கினேன். இருநூறு கிலோவை ஆளில்லாத இடத்தில் நம்மால் தூக்க முடியாது. உன் பெரிய வண்டி வீட்டை விட்டு வெளியே வராததற்கு இதுதான் காரணம் என்பது உனக்கும் தெரியும்.

உயரத்துக்கு: உட்கார்ந்து இரண்டு காலும் தரையில் படுகிறதா என்று பார்க்காதே, படாது. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்ற முடிந்தால் போதும். ஆனால் சரிவான இடத்தில், தாழ்ந்த பக்கம் காலை ஊன்றிப் பார். சமதரையில் எல்லோரும் உயரமானவர்கள்தான்.

என்ஜினின் குணத்துக்கு: இரண்டாவது கியரில், கிளட்சைத் தொடாமல், நடக்கும் வேகத்துக்கு இறக்கு. அங்கிருந்து ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திற. திணறாமல் இழுத்தால் அந்த என்ஜின் சரளையில் உன்னைக் காப்பாற்றும். நான் ஓட்டியது கொஞ்சம் திணறியது. கீழே வலு குறைவு, மேலே போனால் நன்றாக ஓடுகிறது. செங்குத்தான மேட்டில் முதல் கியருக்கு இறங்கவேண்டி வந்தது. எனக்கு அது உறுத்தியது. உனக்கு உறுத்தாமல் போகலாம், நீ எப்போதும் என்ஜினை அலறவிட்டு ஓட்டுபவன்.

இன்னொன்று. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கும்போது செயின் தொங்கலாகத் தெரியும். பழக்க தோஷத்தில் இறுக்கிவிடாதே. பின்சக்கரம் 170 மில்லிமீட்டர் மேலே ஏறும்போது செயின் இழுபடும், அதற்காகத்தான் அந்தத் தளர்ச்சி. ஏர் ஃபில்டரையும் புழுதிச் சாலையில் ஓட்டிய பிறகெல்லாம் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தினமும் நெடுஞ்சாலையில் நூறில் போக வேண்டிய வேலை உனக்கு இருந்தால் இதை வாங்காதே என்பேன். உனக்கு அப்படி வேலை இல்லை. சரளை உள்ள பக்கம் வாரம் ஒருமுறை போகத்தான் உனக்கு ஆசை. அதனால் வாங்கு, ஆனால் 250 சிசியில் ஒன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். கீழ்வேகத்தில் அது திணறாமல் இழுக்கிறதா என்று எனக்கு எழுது. எடை பத்துக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் அதையும் எழுது. தம்பி வண்டியை அடுத்த மாதமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ வந்தால் ஆளுக்குப் பாதி வழி ஓட்டலாம். வரும்போது உன் பம்பைக் கொண்டு வா, என்னுடையதில் காற்று கசிகிறது.

உன் நண்பன்