கோரிக்கை மனு: ஆள்மாறிக் கிடைக்கும் கடிதங்கள் உரியவரிடம் சேர வழி செய்தல்

பிரதி அஞ்சல் மா அதிபர்,
வட மாகாணம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறி வாழும் ஒரு தாய். கடந்த மாசி மாதம் எங்கள் சந்திக் கடையில் எனக்கென்று ஒரு கடிதம் தந்தார்கள். பெயர் என் பெயர், முதலெழுத்தும் அதே, ஊரும் அதே. உடைத்தேன். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் விசாரணைக்கு வரச்சொல்லி அனுப்பியிருந்தது. வாசிக்கும்போது கை நடுங்கியது. இரண்டாம் பந்தியில்தான் 'உங்கள் மகள்' என்று இருந்தது. 2009 இலிருந்து நான் தேடுவது மகனை.

அதே பெயருள்ள அம்மா குளக்கட்டுப் பக்கம் இருக்கிறார். அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். விசாரணைத் திகதி முடிந்து நான்கு நாளாகியிருந்தது. கடையில் கணக்குக் கொப்பிக்குள் அது எத்தனை நாள் கிடந்ததென்று கடைக்காரருக்கே நினைவில்லை. அந்த அம்மா என்னை ஏசவில்லை. உறையைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டே நின்றார்.

தபால்காரரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வெயிலிலும் வெள்ளத்திலும் சைக்கிளில் வருகிறவர் அவர். இடம்பெயர்ந்து திரும்பிய எங்களில் பலருக்கு வீட்டு இலக்கமே இல்லை. ஊர்ப் பெயரும் குழப்பம்தான்: புதுக்குடியிருப்பு எங்கள் மாவட்டத்திலும் உண்டு, மன்னாரிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. அஞ்சல் குறியீடு முல்லைத்தீவுக்கு 42, மன்னாருக்கு 41, மட்டக்களப்புக்கு 30 என்று தொடங்குவதை எழுதினால் மாவட்டமாவது மாறாது. அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆகவே தயவுசெய்து, அரச அலுவலகக் கடிதங்களையும் பதிவுத் தபாலையும் கடைகளில் விட்டுச்செல்லாமல் உரியவர் கையிலேயே கொடுக்கச் செய்யுங்கள். ஒரே பெயரில் இருவர் இருக்கும் இடங்களில் கிராம அலுவலரிடம் கேட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தால் தபால்காரருக்கும் சுலபம். ஆள்மாறி வந்ததை உடைக்காமல், உறையில் 'இவர் இங்கில்லை' என்று எழுதி உப தபாலகத்தில் கொடுக்கலாம் என்பதைத் தமிழில் அறிவித்தலாக ஒட்டுங்கள். என்னைப்போல் தெரியாமல் உடைத்தவரும் பயமின்றித் திருப்பிக் கொடுக்க இடம் வேண்டும். பயந்து அடுப்பில் போட்டவர்களும் உண்டு. அதில் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் இருந்திருக்கலாம், அஸ்வெசும என்ற அரச உதவித்தொகைக் கடிதம் இருந்திருக்கலாம்.

அந்த அம்மாவுக்கு இன்னொரு விசாரணைத் திகதி கேட்டு நாங்கள் எழுதப் போகிறோம். கடிதம் தாமதமாகவே கிடைத்தது என்று உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி எழுதித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

இதற்குப் பதில் அனுப்பும்போது முதலெழுத்தோடு நிறுத்தாமல் என் கணவரின் பெயரை முழுதாக எழுதுங்கள். அந்த அம்மாவுக்கும் எனக்கும் அதில் மட்டும்தான் வித்தியாசம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(கையொப்பம்)