இடதுபக்க பர்னர்

குளச்சல்

மக்களே,

நேற்று ராத்திரி நீ போனில், "ஒரு பக்கம் பற்றவே மாட்டேங்குதும்மா, பத்துத் தடவை திருப்பிட்டேன்" என்று சொன்னதிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. அடுப்பு பற்றாதது பெரிய காரியமில்லை. பத்துத் தடவை திருப்பினாயே, அதுதான் என்னைப் பயமுறுத்திவிட்டது.

பற்றாமல் திருப்பிய ஒவ்வொரு தடவையும் கேஸ் வெளியே வந்திருக்கும். அது காற்றைவிடக் கனம். புகை மாதிரி மேலே போகாது, தரையோடு படிந்து கிடக்கும். இரண்டு மூன்று விநாடிக்குள் பற்றவில்லையா, உடனே மூடு. ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிஷம் பொறு. நாற்றம் பலமாக அடித்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்துவிடு. லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்தபிறகு கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906-க்குக் கூப்பிடு. இப்பவே அந்த நம்பரைப் போனில் பதிந்து வை.

சரி, இனி அடுப்பு. வலதுபக்கம் நன்றாக எரிகிறது என்றாய். அப்படியென்றால் சிலிண்டர், ரெகுலேட்டரில் கோளாறு இல்லை, அந்த ஒரு பர்னரில்தான். தீக்குச்சியைப் பொருத்தி பர்னர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அப்புறம் திருப்பு. அதில் பற்றினால் பொறிதான் வரவில்லை என்று அர்த்தம். பர்னரை ஒட்டி நிற்கிற வெள்ளைப் பீங்கான் குச்சியில் பாலோ எண்ணெயோ ஈரமோ இருக்கும், காய்ந்த துணியால் துடை. பேட்டரி போடுகிற அடுப்பானால் அதையும் மாற்றிப் பார்.

தீக்குச்சிக்கும் பற்றாவிட்டால் அடைப்பு. போன ஆடிச் சாரலில் இங்கே பால் பொங்கி அப்படித்தான் ஆயிற்று. பித்தளை மூடியைத் தூக்கிப் பார்த்தால், ஓட்டை ஓட்டையாகப் பால் கருகிப் பிடித்திருந்தது. புளித்தண்ணீரில் ஊறப்போட்டு ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். ஈர்க்கில் வேண்டாம், ஒடிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டினேன், ஈரம் இருந்தாலும் பற்றாது.

நீ அந்தப் பக்கத்தை மாசக்கணக்கில் தொடவே இல்லை. சும்மா கிடக்கிற பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டிவிடும், அதையும் பார். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பிறகு பர்னரை வெளியே எடுத்து, குச்சியில் துணி சுற்றித் துடை. திரும்ப வைக்கும்போது குழாயின் வாய், கேஸ் வருகிற சின்ன மூக்கான ஜெட்டுக்கு நேராக உட்காரவேண்டும். ஜெட்டின் ஓட்டையில் மட்டும் ஊசி விடாதே. அது பெரிதானால் தீ மஞ்சளாகி பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். அது அடைத்திருந்தால் ரிப்பேர்காரரைக் கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் வா, மக்களே. இரண்டு பக்கமும் பற்றவைத்துக் காட்டு, தீ நீலமாக இருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டும். அப்பா மரச்சீனிக்கிழங்கு கொடுத்துவிடச் சொல்கிறார். ஒரு பக்கம் கிழங்கு, ஒரு பக்கம் மீன்குழம்பு வைத்துச் சாப்பிடு.

அம்மா