உழவர் சந்தை வாசலில் ஒரு தையல் மேசைக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கரூரில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு மிதி இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஒன்பது ஆண்டுகளாகத் துணிப்பை, சுருக்குப்பை, மூக்குக்கண்ணாடி உறை, சாப்பாட்டுப் பை என்று சிறு சிறு பொருட்களைத் தைத்துவருகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை இது. உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவதை விற்கிறேன். எங்கள் தெருவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் இப்படித் தைக்கும் பெண்கள் ஏழு பேர் இருக்கிறோம். எங்கள் சார்பிலும், வேறு ஊர்களில் எங்களைப் போலத் தைத்து வைத்துக்கொண்டு விற்க வழி தெரியாமல் இருப்பவர்கள் சார்பிலும், தங்கள் நாளிதழின் வழியாக அரசிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், உழவர் சந்தைகளின் வாசலில் கையால் தைத்த துணிப்பொருட்களை விற்பதற்கு ஒரு மேசை போடும் அளவு இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

கரூர் நெசவூர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் என்று வீட்டு உபயோகத் துணிகள் இங்கிருந்து பல நாடுகளுக்குப் போகின்றன. அந்தத் துணிகளை வெட்டும்போது ஓரங்களில் விழும் துண்டுகள் எடை போட்டு விற்கப்படுகின்றன. ஒரு சாண் அகலமும் இரண்டு முழ நீளமும் உள்ள துண்டுகள் அவற்றில் நிறையக் கிடைக்கும். தலையணைக்குள் அடைப்பதற்கும், பட்டறைகளில் எண்ணெய் துடைப்பதற்கும் போகின்ற அந்தத் துண்டுகளில், நூலுக்குச் சாயமேற்றி நெய்த நல்ல கெட்டிப் பருத்தியும் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலையின் முதல் கட்டம். ஒரு மூட்டையைப் பிரித்து, கறை பட்டதையும் இழை ஓடியதையும் ஒதுக்கி, நிறம் பார்த்து அடுக்கி முடிப்பதற்கே அரை நாள் ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மூலையை ஈரப்படுத்தி, வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால், அந்தத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பைக்கு ஆகாது. ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை படிந்துவிட்டால் அவர் நம்மிடம் இரண்டாவது பை வாங்கப் போவதில்லை.

புதுத் துணி எடுத்துத் தைத்தாலும் பொறுமை குறையக் கூடாது. காடா என்னும் வெளுக்காத பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டித் தைத்துக் கொடுத்தால், முதல் சலவையிலேயே பை சுருங்கித் தையல் இழுத்துக்கொள்ளும். ஆகவே, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கி, நிழலில் காயவைத்து, தேய்த்த பிறகே கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டும். நாற்பத்து நான்கு அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் எடுத்தால், நனைந்து காய்ந்தபின் அதில் இரண்டு காய்கறிப் பைகளும் அவற்றுக்கான நான்கு கைப்பிடிகளும் வரும். பதினைந்து அங்குல அகலம், முப்பத்தைந்து அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டிக்கொண்டு, மிச்சத்தை நான்கு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, நான்காக மடித்துத் தைத்தால் கைப்பிடிகள் ஆயின. பக்கத் தையலை முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி ஓட்டி, பிறகு திருப்பி உள்ளே இன்னொரு தையல் ஓட்டினால், பிசிர்கள் எல்லாம் தையலுக்குள் மறைந்துவிடும். துணியின் ஓரம் பிசிராமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் இல்லாத வீட்டில் இதைவிட உறுதியான வழி கிடையாது. அடி மூலைகளை முக்கோணமாக மடித்து ஒரு தையல் போட்டால்தான் பை தரையில் நிற்கும். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் தைக்காவிட்டால், மூன்று கிலோ வெங்காயத்தைத் தூக்கும்போதே அது பிய்ந்துவிடும். கெட்டித் துணிக்குப் பதினாறாம் எண் ஊசி போட வேண்டும். பதினான்கு போட்டால் மடிப்புகள் சேரும் இடத்தில் உடைகிறது. வாங்குபவர் கண்ணுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. ஆனால் ஒரு பை ஐந்து ஆண்டு உழைப்பதும் ஐந்தே வாரத்தில் கிழிவதும் இவற்றைப் பொறுத்துத்தான்.

என் கணக்கையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கடைசியாக நான் வாங்கிய கெட்டிக் காடா மீட்டர் நூற்றுப் பத்து ரூபாய். ஆக ஒரு பைக்குத் துணி ஐம்பத்தைந்து ரூபாய். நூல், ஊசி, தேய்ப்புக்கு மின்சாரம் எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெட்டி, தைத்து, நூல் முனைகளை நறுக்கி முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நனைத்ததும் காயவைத்ததும் இதில் சேராது. அந்தப் பைக்கு நூறு ரூபாய் கேட்டால், என் கைக்கூலியாக நாற்பது ரூபாய் நிற்கிறது. பெரும்பாலானவர்கள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்லிவிட்டு, ஐம்பதுக்குத் தரக் கூடாதா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குக் கூலி என்று ஒன்று உண்டு என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. சமையலுக்குத் தோன்றாதது போலவே தையலுக்கும் தோன்றவில்லை.

கடைகளில் கொடுத்து விற்கலாமே என்று கேட்பார்கள். நானும் முயன்றேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு கடையில் விற்ற பிறகு பணம் தருவதாகச் சொல்லி இருபத்தைந்து சுருக்குப்பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் எழுபது ரூபாய் சொன்னதை நூற்று நாற்பது என்று ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து, ஒன்பது பைகளுக்குப் பணமும் மீதிப் பதினாறு பைகளும் திரும்ப வந்தன. அரக்கு நிறம் ஒரு பக்கம் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. வாங்க வந்தவர்களுக்கு விலை அதிகமாகத் தெரிந்திருக்கும். எனக்கோ கிடைத்தது குறைவு. இடையில் நின்ற தொகை தைத்தவளுக்கும் பயன்படவில்லை, வாங்கியவருக்கும் பயன்படவில்லை.

உழவர் சந்தையை நான் சொல்வதன் காரணம் இதுவே. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, விளைவித்தவர் இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்க வேண்டும், வாங்குபவருக்கும் விலை குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் பொருந்திய அந்த நியாயம், ஒரு பெண் தன் கையால் தைத்த பைக்கும் பொருந்தும். தவிர, பையின் தேவை உடனே தெரிகிற இடமும் அதுதான். விடிகாலையில் நடைப்பயிற்சி முடித்து, கையை வீசிக்கொண்டு சந்தைக்குள் நுழைபவர்களை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். தக்காளியை எதில் வாங்குவது என்ற கேள்வி அவர்களுக்கு உள்ளே போன பிறகே எழுகிறது. ஒளித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையை யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்கிறார்கள்.

2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை வைத்தார்கள். இவை எல்லாம் நல்ல காரியங்கள் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பத்து ரூபாய்ப் பையோடு எங்களால் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டியதில்லை. அவசரத்துக்கு அது உதவட்டும். ஆனால் தண்ணீர்ப் புட்டி சாயாமல் நிற்க உள்ளே தனி அறை வைத்த சாப்பாட்டுப் பை, மாத்திரை அட்டைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைக்க மூன்று மடிப்புள்ள உறை, முதியவர் ஒருவர் கைத்தடியைப் பிடித்துக்கொண்டே தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளமான நாடா போட்ட பை ஆகியவை இயந்திரத்திலிருந்து வராது. கேட்பவர் எதிரில் நின்று சொன்னால், அடுத்த ஞாயிறு தைத்துக் கொண்டுவந்து கொடுப்போம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் துணிப்பை என்று தருவது துணியே அல்ல. தொட்டால் துணி போலிருக்கும், மேலே சிறு சிறு புள்ளிகள் பதிந்திருக்கும். அது பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்தது. நெய்யாத அந்தப் பைகளும் தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் உள்ளவைதான். கண்டுபிடிப்பதும் எளிது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பார்த்தால், துணியில் ஊடும் பாவுமாக இழை தனியே வரும். நெய்யாத பையில் உருவுவதற்கு நூலே இருக்காது, பஞ்சு போலப் பிய்ந்து வரும். வெயிலில் சில மாதம் கிடந்தால் பொடிப் பொடியாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும் அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். சந்தை வாசலில் உண்மையான துணிப்பை கண்ணெதிரே இருந்தால், இந்த வேறுபாட்டை மக்களுக்குத் தொட்டுக்காட்டவும் ஓர் இடம் கிடைக்கும்.

தையல் தெரிந்த பெண்களுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் தருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. அவற்றின் பொருட்களுக்குக் கண்காட்சிகளும் நடக்கின்றன. ஆனால் இயந்திரம் கிடைத்த பிறகு தைத்ததை எங்கே விற்பது என்பதுதான் இப்போது எஞ்சி நிற்கும் கேள்வி. குழுவில் சேராமல் வீட்டில் தனியாக மாதம் பத்துப் பதினைந்து பைகள் தைப்பவருக்கு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நடக்கிற கண்காட்சி எட்டுவதில்லை. வாடகைக்குக் கடை பிடிக்கும் அளவுக்கு இது வியாபாரமும் அன்று.

விற்பதைப் பற்றியே எழுதிவிட்டதால், நாங்கள் காசுக்காகவே தைக்கிறோம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை வாங்கப் போனவர்களைத் தடுத்து, நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து இருநூறு பைகள் தைத்துக் கொடுத்தோம். மணப்பெண்ணின் அப்பத்தா தன் பழைய கண்டாங்கிச் சேலைகள் இரண்டைக் கொண்டுவந்து தந்தார். அவற்றின் கரையை மட்டும் வெட்டி எல்லாப் பைகளின் வாயிலும் வைத்துத் தைத்தோம். கூலி வாங்கவில்லை. அந்த அப்பத்தாவுக்கு மட்டும் ஒரு சுருக்குப்பை தனியாகத் தைத்தேன்: வெற்றிலைக்கு ஓர் அறை, பாக்குக்கு ஓர் அறை, சில்லறைக்கு ஓர் அறை, இரண்டு பக்கமும் இழுத்தால் இறுகும் நாடா. இடுப்பில் செருகியபடி அவர் மண்டபத்தில் நடந்ததைப் பார்த்து, கல்யாணத்துக்கு வந்த இளம்பெண்கள் நான்கு பேர் தங்களுக்கும் அதுபோல் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்கு விலைக்குத்தான் தைத்துக் கொடுத்தேன், அவர்களும் பேரம் பேசவில்லை. கொடுப்பதும் விற்பதும் எங்களுக்கு இப்படிச் சேர்ந்தே நடக்கின்றன. விற்ற காசில்தான் அடுத்த கொடைக்குத் துணி வாங்குகிறோம்.

உழவர் சந்தை உழவருக்கே என்ற விதியை நாங்கள் மதிக்கிறோம். உள்ளே ஒரு கடைகூட எங்களுக்கு வேண்டாம். வாசலுக்கு வெளியே, வண்டிகள் வந்துபோக இடைஞ்சல் இல்லாத ஓரத்தில், காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை இடம் தந்தால் போதும். உழவர்களுக்குத் தருவது போலவே எங்களுக்கும் ஓர் அடையாள அட்டை தரலாம். மொத்தமாக வாங்கி வந்து விற்பவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், அட்டை தருமுன் எங்கள் வீட்டுக்கு வந்து இயந்திரத்தைப் பார்க்கட்டும், எதிரில் உட்காரவைத்து ஒரு பை தைத்துக் காட்டச் சொல்லட்டும். நெய்யாத பையோ பிளாஸ்டிக் பூசிய துணியோ எங்கள் மேசையில் இருந்தால் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். இடத்துக்கு ஒரு சிறு கட்டணம் வைத்தாலும் செலுத்துகிறோம். வேளாண் விற்பனைத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து, முதலில் ஒரே ஓர் ஊரில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். அது கரூராக இருந்தால் மகிழ்ச்சி. மேசையையும் நாங்களே கொண்டுவந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
கரூர்.