கெட்ட ரத்தமல்ல, சிறுநீரகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரக நோய்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை மாணவர்களோடு சேர்ந்து படித்தேன். திருமங்கலம் அருகே ஒரு பள்ளியில் விலங்கியல் கற்பிக்கும் எனக்கு, அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

கண்மாய்க் கெண்டையை அலசும்போது முதுகெலும்பின் அடியில் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புப் பட்டையை, ‘கெட்ட ரத்தம்’ என்று என் தாயார் நகத்தால் சுரண்டி எறிவார். அதுதான் மீனின் சிறுநீரகம். நம் எலும்பு மஜ்ஜையைப் போல, புதிய ரத்த அணுக்களை உண்டாக்குவதும் அதுவே.

ரத்தத்துக்கும் சிறுநீரகத்துக்குமான இந்த உறவு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் ஜீப்ரா மீனின் கரு கண்ணாடிபோல் தெளிவானது என்பதால், 1970-களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் தொடங்கிவைத்த ஆய்வுகள் இன்று உலகெங்கும் நடக்கின்றன. கருவின் உடல் நெடுக இருபுறமும் ஓடும் திசுப்பட்டைகளில் ஒரு செல் ரத்தமாவதா சிறுநீரகமாவதா என்பதை, அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் சைகைப் புரதங்களும் அவற்றைக் கேட்டு இயங்கத் தொடங்கும் மரபணுக்களுமே முடிவு செய்கின்றன. பி.எம்.பி. என்ற புரதச் சைகை கிடைக்காத கருவில் ரத்தம் உருவாவதில்லை. வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ரெட்டினாயிக் அமிலமோ, சிறுநீரகக் குழாயின் எந்தப் பகுதி எந்த வேலைக்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. அதன் அளவு மாறினால் அந்தப் பகுதிகளின் நீளமும் மாறிவிடும். வாழ்நாள் முழுவதும் ரத்தம் தரும் மூலச்செல்கள், நாட்ச் என்ற இன்னொரு சைகையின் துணையால் பெருந்தமனியின் அடிச்சுவரிலிருந்து முளைத்து, பின்னர் சிறுநீரகத்தில் குடியேறுகின்றன.

சென்ற ஆண்டு வகுப்பில், முதல்நாள் காலையில் ஜீப்ரா மீன் இட்ட முட்டைகளை மறுநாள் வாட்ச் கண்ணாடி எனப்படும் குழிந்த கண்ணாடித் தட்டில் இட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உள்ள முட்டைக்குள் இதயம் துடிப்பதையும், சற்று நேரத்தில் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாலை நோக்கி ஓடுவதையும் கண்ட ஒரு மாணவி, மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

பாடப்புத்தகத்தில் ரத்தம் ஒரு பாடம், சிறுநீரகம் வேறொரு பாடம் என்றே படித்துவிட்டுப் போகிறார்கள். மீன் தொட்டியும் சாதாரண நுண்ணோக்கியும் இருந்தால் போதும், எந்தப் பள்ளியிலும் இதைக் காட்டலாம். மதுரை வட்டாரப் பள்ளிகள் செய்து பார்க்க, தங்கள் மாணவர் பக்கத்தில் படங்களுடன் இதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.