சிப்பிக்கு முதலில் ஓடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தன்னார்வலர்கள் சிப்பி வளர்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் மேரிலாந்தில் வசிப்பவள். பால்டிமோர் துறைமுகத்தில் சிப்பிக் குஞ்சுகளைத் தண்ணீருக்குள் வைத்து வளர்க்கும் கூண்டுகளைத் தூக்கிச் சேறு போகக் கழுவும் கூட்டத்தில் அவ்வப்போது நானும் இருப்பேன். அதனால் தமிழில் இதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கட்டுரை எங்களைப் புகழ்ந்தது கொஞ்சம் அதிகம். புகழ வேண்டிய சிலரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

‘ஒரு சிப்பி ஒரு நாளைக்கு 190 லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். 50 காலன் என்று இங்கே எல்லா அறிவிப்புப் பலகையிலும் இருக்கும் கணக்குதான் அது. நன்றாக வளர்ந்த சிப்பி, வெதுவெதுப்பான தண்ணீர், தோதான உப்பு எல்லாம் கூடிவந்தால் கிடைக்கும் உச்ச அளவு. குளிர்காலத்தில் சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு ஏறக்குறைய சும்மா கிடக்கும். நாங்கள் கூண்டில் வாங்கிப் போடுவதோ நகத்தளவுகூட இல்லாத குஞ்சு. உச்ச அளவைக் குஞ்சுகளின் எண்ணிக்கையாலும் பெருக்கி, 365 ஆலும் பெருக்கினால் வரும் தொகையை வைத்துக்கொண்டு எந்த ஆற்றையும் சுத்தமாக்க முடியாது. மேலும், சிப்பி வடிகட்டுவது பாசியையும் வண்டலையும். தின்றது போக மிச்சத்தைச் சளியில் சுற்றி அடியில் தள்ளிவிடும். அதனால் தண்ணீர் தெளியும், அடியில் புல் முளைக்க வெளிச்சம் கிடைக்கும். பெரிய விஷயம்தான், ஆனால் உடைந்த சாக்கடைக் குழாய்க்கு அது மருந்தல்ல. துறைமுகத்தில் வளர்ந்த சிப்பியை நாங்கள் யாரும் வாயில் வைப்பதில்லை. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்ததும் ஃபோர்ட் கேரல் என்ற பழைய கோட்டையின் பக்கத்தில் இருக்கும் திட்டில், அதாவது சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வளரும் மேட்டில், கொண்டுபோய் விடுவார்கள்.

கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான விஷயம் ஓடு. முட்டையிலிருந்து வந்த சிப்பி இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரிந்த பிறகு கெட்டியான ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மிகவும் பிடித்தது இன்னொரு சிப்பியின் ஓடு. சேற்றில் இறங்கினால் கதை முடிந்தது. 1880களில் மேரிலாந்தில் ஒரு பருவத்துக்கு 1.5 கோடி புஷல் வரை அள்ளினார்கள் (அமெரிக்கப் பொது அளவில் ஒரு புஷல் சுமார் 35 லிட்டர்). திருட்டு அறுவடையைப் பிடிக்க 1868லேயே ஆயுதம் தாங்கிய ரோந்துப் படகுகளை அரசு இறக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சதை தட்டுக்குப் போனது. ஓடு சாலை போடவும், சுண்ணாம்புக்கும், கோழித் தீவனத்துக்கும் போனது. திட்டே இல்லாமல் போன இடத்தில் குஞ்சு எங்கே ஒட்டும்? 1949இல் டெர்மோ, 1959இல் எம்.எஸ்.எக்ஸ். என்று இரண்டு நோய்கள் வேறு இங்கே தென்பட்டன. மனிதருக்கு அவற்றால் தீங்கில்லை, சிப்பிக்குத்தான் சாவு. 2003-04 பருவத்தில் மேரிலாந்தின் அறுவடை சுமார் 26 ஆயிரம் புஷல்.

அதனால்தான் இன்று உணவகங்களிலிருந்து வரும் ஓட்டுக்கு இவ்வளவு மரியாதை. ‘ஆய்ஸ்டர் ரெக்கவரி பார்ட்னர்ஷிப்’ என்ற அமைப்பு 2010 முதல் அதைச் சேகரிக்கிறது. சேர்த்த ஓட்டை ஓராண்டு போல வெயிலிலும் மழையிலும் காயவிட்டு, கழுவி, ஹார்ன் பாயின்ட் ஆய்வகத்தின் தொட்டிகளில் போட்டுக் குஞ்சுகளை ஒட்டவைக்கிறார்கள். ராத்திரி கடை மூடும் நேரத்தில் ஓட்டைத் தனி வாளியில் பிரித்துப் போடும் சமையலறைத் தொழிலாளிக்கு யாரும் டி-ஷர்ட் கொடுப்பதில்லை, புகைப்படமும் எடுப்பதில்லை. படகுத்துறை வைத்திருப்பவர்களுக்குக் கூண்டு கொடுக்கும் திட்டம் 2008இல் ட்ரெட் ஏவன் ஆற்றில் தொடங்கியபோது, கூண்டுகளைச் செய்து கொடுத்தவர்கள் மாநிலச் சிறைக்கைதிகள். இவர்களையும் எழுதியிருக்கலாம்.

வாட்டர்மேன் என்று இங்கே அழைக்கப்படும் விரிகுடா மீனவர்களைக் கட்டுரை ‘எதிர்ப்பாளர்கள்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது. 2010இல் சிப்பித் தளங்களில் 9 சதவீதமாக இருந்த காப்பிடங்களை அரசு 24 சதவீதமாக்கியது. அங்கே அவர்கள் அறுவடை செய்யக் கூடாது. காப்பிடங்களில் ஒன்றான ஹாரிஸ் கிரீக்கில் திட்டு அமைக்க ஓடு போதாமல் கருங்கல்லைக் கொட்டியபோது, நண்டு பிடிக்கும் நீளக் கயிறு அதில் சிக்குகிறது என்று புகார் வந்தது. ஃப்ளோரிடாவிலிருந்து பழங்காலப் புதைபடிவ ஓட்டை ரயிலில் வரவழைத்தார்கள், அதற்கும் சண்டை. 2016இல் ட்ரெட் ஏவன் ஆற்றில் திட்டு அமைக்கும் வேலையே சில காலம் நின்றது. நான் காப்பிடங்களின் பக்கம். 2019இல் ஐந்து காப்பிடங்களைச் சட்டம் போட்டு நிரந்தரமாக்கியது சரி என்றே நினைக்கிறேன். அதற்காக வாட்டர்மேன்களை வில்லன்களாக்க மனம் வரவில்லை. நாங்கள் சனிக்கிழமை கூண்டு கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு அதுதான் வயிற்றுப்பிழைப்பு.

அப்புறம், விரிகுடாவில் கலந்து பாசியைப் பெருக்கும் நைட்ரஜன். வயல் உரம், கிழக்குக் கரையின் கோழிப் பண்ணைகள், நகரச் சாக்கடை எல்லாம் சேர்ந்து வருவது அது. 2010இல் மத்திய அரசு வரம்பு விதித்து 2025 வரை கெடு கொடுத்தது. நைட்ரஜனில் அந்த இலக்கு எட்டவில்லை. இதில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. புறநகர் வீடுகளின் முன்னால் புல்தரை பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டுமென்று உரத்தைக் கொட்டுகிறோம். அடுத்த மழையில் அது எங்கே போகும்? கூண்டு கழுவ வரும் தமிழ்க் குடும்பங்களிடம் நான் இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அடுத்து எழுதும்போது உங்கள் கட்டுரையாளர் படகில் ஒரு வாட்டர்மேனோடும் போய்வந்தால் நன்றாக இருக்கும். இந்தப் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உணவகத்தில் சிப்பி சாப்பிட்டால் ஓட்டை என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். மறுசுழற்சிக்குக் கொடுக்கும் கடைகளுக்கு மேரிலாந்தில் வரிச் சலுகை உண்டு. அது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. வீட்டில் சாப்பிட்ட ஓட்டை வேறு குப்பை கலக்காமல் வாளியில் போட்டு வைத்தால், பல கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) குப்பை சேகரிப்பு மையங்களில் வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எல்லிகாட் சிட்டி, மேரிலாந்து